கல் லயத்தில் சாமி குடிவந்தது

என் மாமியார் காத்தாயி எங்கள் வீட்டுச் சுவருக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். உள்ளே அல்ல, வெளிச்சுவருக்கு. நான் வாசலில் உட்கார்ந்து, அம்மியைத் தொடைக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு மஞ்சள் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நிறைமாதம். வயிறு ஒரு பக்கம், அம்மி ஒரு பக்கம், நடுவில் மூச்சு விட இடமில்லை.

“கெட்டியா அரை, அஞ்சலை. தண்ணியா இருந்தா வழிஞ்சு போயிரும்” என்றார் மாமியார். “கல்லு தெரியக் கூடாது. பாக்குறவனுக்குச் சாமிதான் தெரியணும்.”

அன்று மத்தியானம் ஜப்பான் அதிகாரி வருவதாக இருந்தது. எங்கள் வீடுகளைப் பிரித்துக் கல்லை அள்ளிக்கொண்டு போக நாள் குறிப்பதற்கு. அவன் வருவதற்குள் வீட்டைக் கோயிலாக்கிவிட வேண்டும் என்பது மாமியாரின் யோசனை.

போன வாரத் தொடரை என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி, “மாப்பிள்ளையின் பெயரைக் கடைசிவரை சொல்லவே இல்லையே” என்று கேட்டிருக்கிறார். அவர் பெயர் கோவிந்தன். இருந்தவரைக்கும் என் வாயால் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை, எழுதத்தான் எழுதுகிறேன்.

தவுக்கே கட்டிய வீடுகள்

சுங்கை லாலாங் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, ஓர் ஓடையை ஒட்டி மரவள்ளி மாவு ஆலை ஒன்று இருந்தது. ரப்பர் வருவதற்கு முன்னால் அந்தப் பக்கம் முழுக்க மரவள்ளிக் காடுதானாம். ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், ஆலையைக் கட்டி, பக்கத்துக் குன்றிலிருந்து கல் உடைத்துக் கொண்டுவந்து, ஆலை ஆட்களுக்கு எட்டு வீடுகளும் கட்டினார். தோட்டத்தில் கூலி ஆட்கள் இருக்கும் லயங்கள் எல்லாம் பலகைச் சுவர்தான். இது ஒன்றுதான் கல். அதனால் எங்கள் வரிசைக்குக் கல் லயம் என்றே பெயர்.

அந்தத் தவுக்கே ஏன் கல்லில் கட்டினார் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். புலிக்குப் பயந்து என்பார்கள் சிலர். அவருக்குச் சீனாவில் கல் வீடு கட்ட ஆசை, அது நடக்காமல் போனதால் இங்கே கூலிக்காரர்களுக்குக் கட்டித் தீர்த்துக்கொண்டார் என்பார் என் மாமனார். நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன். புலிக்குப் பயந்தவர் சன்னலை அவ்வளவு பெரிதாக வைக்க மாட்டார்.

நான் பலகை லயத்தில் பிறந்தவள். பக்கத்து வீட்டுக்காரர் புரண்டு படுத்தால் எங்கள் வீட்டில் கேட்கும். கல் லயத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் நாள், கதவைச் சாத்தியதும் காது அடைத்தது போல இருந்தது. வெயிலில் வந்து சுவரில் முதுகைச் சாய்த்தால் சில்லென்று இருக்கும். மழை பெய்தால் ஓட்டில் மட்டும்தான் சத்தம். கூலிக்காரியாகப் பிறந்தவளுக்கு அப்படி ஒரு சுவர் கிடைத்ததில் எனக்குப் பெருமைதான். அதை மறைக்க மாட்டேன்.

ரப்பர் வந்த பிறகு ஆலை தூங்கிப் போயிருந்தது. ஜப்பான்காரன் வந்து அரிசி இல்லாமல் போனதும் அதை மறுபடி எழுப்பினார்கள். கிழங்கை உரித்து, சீவி, அலசி, பாலைத் தொட்டியில் படிய விட்டு, அடியில் தங்கிய மாவைப் பெரிய இரும்புச் சட்டிகளில் போட்டு வறுப்பார்கள். மாவு மூட்டை கட்டி ஜப்பான்காரனுக்குப் போகும். சக்கை எங்களுக்கு. அதைத் தட்டி ரொட்டி சுடுவோம். அது வயிற்றில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பசி தீர்ந்ததா என்றால் இல்லை, வயிறு மட்டும் நிறைந்திருக்கும்.

கிராணி கொண்டுவந்த சேதி

ஆலைக் கணக்கெழுதச் செல்லையா என்று ஒரு கிராணி இருந்தார். ஜப்பான் பாஷை கற்றுக்கொண்டவர். கற்றதில் பாதியைக் குனிந்து கும்பிடுவதிலேயே செலவழித்தார். ஆனால் கெட்டவர் இல்லை. ஒரு சாயங்காலம் வந்து கல் லயத்துக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“பட்டணத்துப் பக்கம் ஏரோப்ளேன் எறங்க எடம் போடுறாங்க. கல்லு பத்தல. இந்த வீடுகள ஒடச்சு ஏத்தச் சொல்லிட்டாங்க.”

“நாங்க எங்க போறது ஐயா?” என்று கேட்டார் என் கணவர்.

“பொம்பளைங்க புள்ளைங்க ஓடைக்கு அந்தாண்ட பலகை லயத்துக்கு. ஆம்பளைங்க கல்லு ஏத்துற லோரியிலயே போகணும்.” கிராணி தரையைப் பார்த்தார். “அங்க வேல முடிஞ்சதும் சயாமுக்குன்னு பேசிக்கிறாங்க.”

சயாம் என்றால் ஜப்பான்காரன் போடும் ரயில் பாதை வேலை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து லோரி ஏறியவர்கள் போய் வெகுநாளாகியிருந்தது. ஒருவரும் திரும்பவில்லை. ஒரு சேதிகூட இல்லை. அந்தத் தோட்டத்தில் பெண்கள் நெற்றியில் பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தார்கள்.

ஆக, கல் போனால் ஆண்களும் போவார்கள். கல் நின்றால் அவர்களும் நிற்பார்கள். அன்றிரவு நான் தூங்கவில்லை. சுவரில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பயமாக இருந்தது, வேறெப்படிச் சொல்வது.

விடிந்ததும் மாமியார் கொல்லைக்குப் போய் மஞ்சள் கிழங்கைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார். “எவனா இருந்தாலும் கோயில ஒடைக்கக் கை நடுங்கும்” என்றார்.

பொய்யிலும் முறை

மஞ்சள் பூசினோம். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை மஞ்சளில் குழைத்தால் சிவந்துவிடும். அதைக் கொண்டு எட்டு வீட்டு வாசலிலும் பெரிது பெரிதாகப் பொட்டு வைத்தோம். ஆலையில் கிடந்த இரும்புக் கம்பியை வளைத்து ஒரு சூலம். மரவள்ளி மாவில் கோலம். பசியில் கிடக்கும் ஜனம் மாவைத் தரையில் போட்டது அன்றைக்குத்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்போதுதான் மாரிமுத்து வந்தார்.

அவர் ஆலையில் வறுக்கிற அடுப்புக்காரர். திருவிழாக் காலத்தில் பூசாரி. பெண்டாட்டி பிள்ளை இல்லாத தனி ஆள், முன்கோபி. சுவரையும் சூலத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மாமியாரிடம் கேட்டார்.

“என்னக்கா இது?”

“கோயிலு.”

“கோயிலா? சாமிய நிறுத்தாம மஞ்சளப் பூசி வெளையாடுறியா? கண்ணு போயிரும். செய்யுறதுன்னா மொறையாச் செய்யணும்.”

அவர் ஓடையில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்தார். கற்பூரம் ஏது அப்போது? மரத்துக் குங்கிலியத்தைக் கொளுத்தினார். உடுக்கை அடித்தார். எந்தச் சாமி என்று கேட்டார். மாமியார் சற்றும் யோசிக்காமல் “அம்மன்” என்றார். அம்மனைப் பெயர் சொல்லி அழைத்து, எட்டு வீட்டுச் சுவரிலும் நிறுத்தி, லயத்தில் மிஞ்சியிருந்த ஒரே சேவலையும் அறுத்தார். மாதக்கணக்கில் கறி கண்ணில் படாதவர்கள் நாங்கள். ஆளுக்கு ஒரு விரல் அளவு துண்டு வந்தது. சாமி வந்ததில் அன்றைக்குக் கிடைத்த கைமேல் பலன் அதுதான்.

மத்தியானம் அதிகாரி வந்தான். கிராணி குனிந்தபடியே ஏதோ சொன்னார். அதிகாரி தொப்பியைக் கழற்றினான். சூலத்துக்கு எதிரே நின்று தலை குனிந்து, கையை இரண்டு தரம் தட்டினான். கோழியை விரட்டுகிறான் என்று நினைத்தோம். அவர்கள் ஊரில் கும்பிடுவதே அப்படித்தான் என்று பிறகு கிராணி சொன்னார்.

போகும்போது அவன் ஒரு கேள்வி கேட்டான். கிராணிக்கு முகம் வெளுத்தது. பதில் சொல்லி அனுப்பிவிட்டு எங்களிடம் வந்தார்.

“கோயிலத் தொட வேணாம்னுட்டான். உள்ள ஆரு குடியிருக்காங்கன்னு கேட்டான். ஆரும் இல்ல, சாமி மட்டுந்தான், ஆளுங்க எல்லாம் ஆலைக் கொட்டாயில படுக்குறாங்கன்னு சொல்லிட்டேன். பாத்து நடந்துக்குங்க. பொய்யின்னு தெரிஞ்சா கல்லும் போகும், என் தலையும் போகும்.”

வாசலுக்கு வெளியே

அன்று பொழுது சாய்ந்ததும் மாமியார் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போகப் புறப்பட்டார். அதிகாரிதான் போய்விட்டானே. வாசல் வரைக்கும் போனார். நின்றார். பொட்டைப் பார்த்தார். திரும்பி மாரிமுத்துவைப் பார்த்தார்.

“என்னப் பாத்து என்ன செய்ய?” என்றார் மாரிமுத்து. “வாயால கூப்புட்டு நிறுத்திட்டேன். போன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. அவளா எறங்கணும்.”

அத்தனை பேரும் வாசலோடு நின்றுவிட்டோம். அந்த வீட்டில் இனி கருவாடு சுட முடியாது. புருஷன் பெண்டாட்டி படுக்க முடியாது. மாதத்தில் மூன்று நாள் பெண்கள் நிழல்கூடப் படக் கூடாது. ஜப்பான்காரனை ஏமாற்றப் போட்ட வேஷம் எங்கள் மீதே உட்கார்ந்துகொண்டது. ஒப்புக்குப் பூசியிருந்தால் ஒப்புக்குக் கழுவியிருக்கலாம். பொய்யையும் முறையோடு செய்கிற ஜனம் நாங்கள். முறை என்று வந்துவிட்டால் பிறகு அது பொய் ஆகாது.

இப்போது என் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். “நீங்களே வச்ச பொட்டுதானே பாட்டி?” என்கிறார்கள். நாங்களே வைத்ததுதான். கோயிலில் எந்தப் பொட்டைச் சாமி தானே வைத்துக்கொண்டது?

எட்டுக் குடும்பமும் ஆலையில் மாவு வறுக்கிற கொட்டகையில் படுத்தோம். கூரை மட்டும் உண்டு, சுவர் கிடையாது. ஒரு பக்கம் இரும்புச் சட்டியின் அனல், மறுபக்கம் கொசு. கண் முன்னே எட்டு நல்ல கல் வீடுகள் ஆளில்லாமல் குளிர்ந்து கிடந்தன. காலையில் பெருக்கிக் கோலம் போட மட்டும் நாங்கள் அங்கே போவோம்.

மழை

எனக்கு வலி கண்டது ஒரு பிற்பகலில். காலையிலிருந்தே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஓடை கரையைத் தாண்டிவிட்டதால் பலகை லயத்துக்குப் போக வழியில்லை. கொட்டகையில் சாரல் நாலு பக்கமும் அடித்தது. ஆண்கள் சட்டிகளுக்கு முன்னால் வேலையில் இருந்தார்கள். மூட்டை குறைந்தால் அடி விழும்.

மாமியார்தான் அந்தப் பக்கம் பிரசவம் பார்ப்பவர். என் முதுகில் கை வைத்து, மழையில் நனைந்துகொண்டே எங்கள் வீட்டு வாசலுக்குக் கூட்டி வந்தார். மாரிமுத்து அடுப்பை விட்டுக் குறுக்கே வந்து நின்றார்.

“உள்ள வச்சுப் பெத்தா தீட்டுக்கா. அவ சும்மா விடமாட்டா.”

“அப்ப எங்க வச்சுப் பெக்குறது, சொல்லு தம்பி.”

அவர் விலகவில்லை. நான் மாமியார் முகத்தைப் பார்த்தேன். இந்தக் கோயிலைக் கட்டியதே அவர்தான். யோசனை அவருடையது, மஞ்சள் அவருடையது, அம்மன் என்ற பெயரும் அவர் வாயிலிருந்து வந்ததுதான். அப்படிப்பட்டவருக்கே வாசற்படியைத் தாண்டக் கால் எழவில்லை.

நான் தைரியசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த வலியில் சாமியும் தெரியாது, ஜப்பானும் தெரியாது. உட்கார ஓர் இடம் வேண்டும், தலைக்கு மேல் நனையாத ஓடு வேண்டும், அவ்வளவுதான்.

“மாமா, தள்ளிக்குங்க” என்றேன் மாரிமுத்துவிடம். “அம்மன் பொம்பளதானே. கோவிச்சா எங்கிட்ட கோவிக்கட்டும்.”

அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு நொடி கழித்து என் பின்னால் மாமியாரின் காலடி கேட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பெண் பிறந்துவிட்டது.

உடுக்கை

மறுநாள் காலை, யாரும் எதிர்பார்க்காத வேளையில், அதிகாரியின் கார் வந்தது. மூட்டைகளைப் பார்க்க வந்தவன், ஆலைக்குப் போகாமல் நேரே கல் லயத்துப் பக்கம் நடந்தான். வந்த நாளெல்லாம் கையைத் தட்டிவிட்டுப் போவது அவன் வழக்கமாகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து என் மகள் அழ ஆரம்பித்தாள். கல் சுவர் சத்தத்தை அடக்கும் என்று மேலே எழுதினேன். அந்தப் பெரிய சன்னல்களை மறந்துவிட்டேன். மார்பில் அணைத்தேன், வாயை வைக்க மாட்டேன் என்கிறாள். மாமியார் அவள் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுவந்து, பொத்தாமல் எடுத்துக்கொண்டார்.

சன்னல் ஓரமாக எனக்கு வெளியே தெரிந்தது. அதிகாரி நின்றுவிட்டான். கிராணியிடம் ஏதோ கேட்டான். கிராணியின் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. கொட்டகை ஓரத்தில் என் கணவர் மண்வெட்டியோடு அப்படியே நின்றார். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

கொல்லைப்பக்கக் கதவு தள்ளப்படும் சத்தம் கேட்டது. அதிகாரி என்றுதான் நினைத்தேன். கண் திறந்தால் மாரிமுத்து. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து எங்கள் முகத்தில் விழிக்காமல் இருந்தவர், உடுக்கையோடு பிரசவ வீட்டுக்குள் வந்து நின்றார். இரத்தத்துணி கிடந்த மூலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அடிக்க ஆரம்பித்தார். அம்மன் பேரைச் சொல்லி அடித்தொண்டையில் பாடினார். அந்தச் சின்ன வீட்டில் உடுக்கைச் சத்தம் தலையைப் பிளந்தது. பிள்ளை இன்னும் வீறிட்டாள். அவர் இன்னும் வேகமாக அடித்தார். எது அழுகை, எது பாட்டு என்று எனக்கே பிரிக்க முடியவில்லை.

வெளியே கிராணிக்கு வாய் திரும்பியிருக்கிறது. “பூசை நடக்குது. சாமி வந்த ஆளு கத்துறான்” என்று சொன்னாராம். அதிகாரி கொஞ்ச நேரம் நின்று கேட்டான். கையை இரண்டு தரம் தட்டிவிட்டு ஆலைப் பக்கம் போனான்.

கார் போன பிறகுதான் மாரிமுத்து உடுக்கையைக் கீழே வைத்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மேலெல்லாம் வேர்வை. என்ன சொல்லித் திட்டப் போகிறாரோ என்று மாமியார் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன புள்ளக்கா?”

“பொட்டப்புள்ள.”

எழுந்து வந்து பிள்ளை முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

“அப்ப எறங்கிட்டா.”

“ஆரு?”

“சொவத்துல நிறுத்துனவ. எறங்கி வந்துட்டா. இனி கல்லு வெறுங்கல்லுதான். எல்லாரையும் உள்ள வந்து படுக்கச் சொல்லு.”

அன்றே அத்தனை குடும்பமும் வீடு திரும்பியது. வெளியே மஞ்சளும் பொட்டும் அப்படியே இருந்தன, அதிகாரியின் கண்ணுக்காக. உள்ளே நாங்கள் மெதுவாகப் பேசிக்கொண்டு, ஆலைப் புகை எழும் நேரம் பார்த்து அடுப்பு மூட்டிக்கொண்டு வாழ்ந்தோம். மாமியார் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: “மாரிமுத்து பொல்லாத ஆளுடி. நம்மள உள்ள கொண்டாந்து விட ஒரு வழியக் கண்டுபுடிச்சான் பாரு.” நானும் அப்படித்தான் நினைத்தேன். மனிதர் இரங்கிவிட்டார், அதைச் சாமி பேரில் சொல்கிறார் என்று.

உத்தரவு

பிள்ளை குப்புற விழப் பழகிய சமயம் இன்னொரு சேதி வந்தது. சயாமுக்கு ஆள் போதவில்லை, ஒவ்வோர் ஆலையிலிருந்தும் ஓர் ஆள் வேண்டும். கல் லயத்தில் வயது குறைந்தவர் என் கணவர். கிராணி அவர் பெயரைச் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் மாமியாரைப் பார்த்தார்.

“நான் போறேன்” என்றார் மாரிமுத்து. “சாமி எறங்குன எடத்துல பூசாரிக்கு என்ன சோலி.”

என் கணவர் மறுத்துப் பேசினார். “ஒம் பொண்டாட்டி என்னத் தாண்டிக்கிட்டு உள்ள போனவ. நீயும் என்னத் தாண்டப் பாக்காத” என்று மாரிமுத்து அதட்டிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அதில் துக்கம் பாதி, என் மனிதர் தப்பினார் என்ற நிம்மதி பாதி. அப்படித்தான் இருந்தது.

மாரிமுத்து சயாமிலிருந்து திரும்பவில்லை. ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் வந்து, அவனும் போன பிறகும் வரவில்லை.

லோரி வந்த காலையில் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னார். தூக்கிக்கொண்டு போய் நின்றேன். கொஞ்சப் போகிறார் என்று நினைத்துக் கையில் கொடுக்க நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பின்னால் ஓர் அடி நகர்ந்து, இடுப்பில் கட்டியிருந்த சாக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்கு முன்னால் கைகூப்பினார்.

“ஆத்தா, போயிட்டு வரேன். உத்தரவு குடு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் எங்களுக்காக ஒரு வழியைக் கண்டுபிடிக்கவில்லை. சொன்னதை அப்படியே நம்பியிருந்தார்.

பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள். மாரிமுத்துவின் கூப்பிய கை அப்படியே நின்றது.

“அழுவுறா” என்றார். “அழுதா போகக் கூடாது.”

லோரியிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. சிப்பாய் ஒருவன் துப்பாக்கியோடு இறங்கி எங்களை நோக்கி வந்தான். என் கணவர் மாரிமுத்துவுக்குப் பின்னால் நின்றிருந்தார், இவர் ஏறாவிட்டால் ஏற வேண்டியவர். மாமியார் பிள்ளையை வாங்கித் தட்டிப் பார்த்தார், தூக்கிப் போட்டுப் பிடித்தார். அழுகை நிற்கவில்லை.

நான் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, மார்பில் அணைத்தேன். இரண்டு விக்கல். பிறகு குடிக்க ஆரம்பித்தாள்.

“குடுத்துட்டா” என்று என் முதுகுக்குப் பின்னால் மாரிமுத்து சொல்வது கேட்டது.

நான் திரும்பியபோது அவர் லோரியில் ஏறிக்கொண்டிருந்தார்.